வாரத்துக்கு ஒன்று

மார்ச் 3, திங்கள்

சிமெண்ட் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் எங்கள் கடைக்கு ஒரு டைரி கொடுக்கிறான். வீட்டுக்காரர் இதுவரை எதிலும் ஒரு எழுத்து எழுதியதில்லை. இந்த வருஷத்து டைரியை நான் எடுத்துக்கொண்டேன். எழுத எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்காரரின் அக்கா தெய்வாத்தாள் இன்று முதல் என் கைச்சோறுதான் சாப்பிட வேண்டும். நேரில் அவளை நங்கையா என்பேன், வாங்க போங்க என்பேன். இங்கே டைரியில் வெறும் அவள், இவள்தான். புருஷன் செத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள், வந்த வாரமே அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த எனக்கு விறகு பிளக்கிற வேலையும் பாத்திரம் துலக்குகிற வேலையும் மிச்சமிருந்தன. இப்போது சிறுநீரக நோய் நாலாவது கட்டத்துக்குப் போய்விட்டது, அவளால் நிற்க முடியவில்லை. கரண்டி என் கைக்கு வந்திருக்கிறது.

கோபியிலிருந்து கார் வைத்து ஈரோட்டுக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் பொறுமைசாலி. சர்க்கரைதான் சிறுநீரகத்தைத் தின்றிருக்கிறது என்றார். வைட்டமின் டி ஒன்பதுதான் இருக்கிறதாம், முப்பதாவது இருக்க வேண்டுமாம். நம்மூரில் வெயிலுக்கா பஞ்சம் என்று இவள் கேட்டாள். வெயில் தோலில் அரைகுறையாகத்தான் செய்து கொடுக்கும், அதை முழுசாக்க வேண்டியது சிறுநீரகம், உங்களுக்கு அதுதான் களைத்துப்போய்க் கிடக்கிறது என்றார் டாக்டரம்மா. இது குறைந்தவர்களுக்கு எலும்பு மட்டுமல்ல, சர்க்கரை, கொழுப்பு எல்லாமே தாறுமாறாக இருப்பதைப் பார்க்கிறோம், அதற்காக மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் என்று அர்த்தமில்லை என்றும் சொன்னார். இவள் முதல் பாதியைக் கேட்டாள். இரண்டாவது பாதிக்குச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாத்திரைச் சீட்டைக் கொடுக்கும்போது டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இந்த வைட்டமின் டி மட்டும் வாரத்துக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை. ஒரு வாரம் மறந்தாக்கூடப் பரவாயில்ல, அதிகமாப் போட்டுறக் கூடாது."

மார்ச் 4, செவ்வாய்

காய்களைப் பொடியாக நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும். உப்பு பேருக்கு. தக்காளி கூடாது, கீரை கூடாது, தேங்காய் கூடாது, இளநீர் கூடவே கூடாது. பருப்பு ஒரு கரண்டி. குடிக்கும் தண்ணீர்கூட ஒரு சொம்புதான்.

எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா சொன்னதுதாங்க நங்கையா என்றேன். எத்தனை வருஷம் கழித்து எனக்கு வயிறு நிறைந்தது.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டரம்மா வெயிலிலும் கொஞ்சம் உட்காரச் சொல்லியிருக்கிறார். காலை வெயில் ஆகாது, பத்து மணிக்கு மேல். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்தேன். முந்தானையால் தலையை மூடினாள். கை கால் தெரிய வேண்டுமாம் என்று விலக்கிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வெயில்.

எதற்காக இவ்வளவு ஆங்காரம் என்று நாளைக்கு இதை யாராவது படித்தால் கேட்பார்கள். எழுதிவிடுகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இவள் மகள் கோகிலவாணிக்கு உப்புச் சர்க்கரை மாற்றினார்கள். எங்கள் பக்கம் நிச்சயத்தை அப்படித்தான் சொல்வோம். மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். தாய்மாமன் என் வீட்டுக்காரர், அவர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. நான் பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தியூரில் என் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். அண்ணன் காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டான். போனை எடுத்தது இவள்.

எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். எல்லாரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வண்டி ஏறிய பிறகு. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அந்தியூர். அம்மா மூன்று மணி வரைக்கும் வசந்தாமணி வந்துட்டாளா, வந்துட்டாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளாம். சாவு விழுந்தால் நிச்சயம் தள்ளிப்போகும். அதற்காக மறைத்தாள்.

அக்கா எங்கிட்டயும் சொல்லலை என்று வீட்டுக்காரர் சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். இவளிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன். பையைப் பிடுங்கிக்கொண்டாள். "எம் மாத்திரைய நானே பாத்துக்குவேன். உங்கையால சோறு திங்கறது போதும்" என்றாள்.

சரிங்க நங்கையா என்று வந்துவிட்டேன். வீட்டுக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், மாத்திரைக்கு நான் பொறுப்பில்லை என்று. அவர் வழக்கம்போல ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க என்று கடைக்குப் போனார்.

மார்ச் 27, வியாழன்

மாடியில் உட்காருவதற்குப் பதிலாகத் தெருவில் நடக்கிறேன் என்கிறாள். வெயில் எங்கே பட்டால் என்ன, போகட்டும் என்று விட்டேன். கடைவீதி வரைக்கும் போய் வருகிறாள்.

எனக்குப் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது மெடிக்கல்காரர், உங்க நங்கையா நேத்துக்கூட ரெண்டு அட்டை சத்து மாத்திரை வாங்கீட்டுப் போனாங்க என்றார். ஓர் அட்டையில் நாலு இருக்கும்.

வரும் வழியில் முருங்கைக்காய் மலிவாக இருந்தது, வாங்கி வந்தேன். எனக்கும் அவருக்கும் மட்டும்.

ஏப்ரல் 2, புதன்

அவள் அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன, எல்லாம் காலி. குப்பையோடு வாரிப் போட்டேன். கூட்டுவது என் வேலை, மாத்திரை என் வேலையில்லை.

மத்தியானம் சோறு போடும்போது அவளாகவே பேச்சைத் தொடங்கினாள். சர்க்கரை பார்க்கிற மெஷினில் இன்றைக்கு நூற்றி நாற்பது காட்டியதாம். முன்பெல்லாம் இருநூற்றைம்பதுக்குக் குறைந்ததில்லை. முகமெல்லாம் பூரிப்பு. "டாக்டரம்மா சொன்னாளே, அந்தச் சத்து மாத்திரதான் வேலை செய்யுது. வாரத்துக்கு ஒண்ணுக்கே இப்புடின்னா, தெனம் ஒண்ணு போட்டா சட்டுனு எறங்கீரும்ல? அப்பறம் இனிப்பா ஒரு கச்சாயம் திங்கலாம், ஒரு ஒப்புட்டு திங்கலாம். ஏங் கண்ணு, தெனம் போடலாம்ல?"

சர்க்கரை இறங்கியது என் சோற்றால். ஒரு மாசமாகக் காயை ஊறவைத்து, வடித்து, அளந்து, விரல் வெந்துபோய் நான் போட்ட சோற்றால். பெயர் மாத்திரைக்கு. காலி அட்டைகளைப் பார்த்தவளுக்குத் தெரியாதா, தினம் போட்டுக்கொண்டேதான் கேட்கிறாள்.

"எனக்கென்னங்க தெரியும் நங்கையா? நீங்கதான் பாத்துக்கறேன்னீங்களே" என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் தேதி. தட்டில் மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம் எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். அவளைக் கும்பிட மட்டும் விட்டேன். ஒப்புட்டு சுட்டேன், நெய் மணம் தெருமுனை வரைக்கும் போனது. வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கோகிலவாணி மஸ்கட்டிலிருந்து பேசினாள். அம்மாவை நல்லாப் பாத்துக்கறீங்களாம் அத்தை, சர்க்கரை எல்லாம் கொறஞ்சிருச்சாம் என்று தழுதழுத்தாள். நானா, உன் அம்மாவே பார்த்துக்கொள்கிறாள் என்றேன். பொய்யில்லையே.

ஏப்ரல் 25, வெள்ளி

குழம்பு நன்றாக அமைந்தது. தூக்கம் சரியில்லை.

மே 5, திங்கள்

நாலு நாளாக அவள் சோற்றைத் தொடுவதில்லை. முதலில் என் சமையல் மேல் கோபம் என்று நினைத்தேன். வாந்தி எடுக்கிறாள். வெளிக்குப் போய் ஒரு வாரமாகிறது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஒரு சொம்புக் கணக்கு சொன்னால் அழுகிறாள். ஒண்ணுக்குப் போகப் பாத்ரூமுக்கு ஓடி ஓடி ஓய்ந்துபோய்க் கிடக்கிறாள்.

மே மாச வெயில், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றார் வீட்டுக்காரர். ஆமாம் என்றேன். எனக்கு மட்டும் வெயில் தாழ மாடிக்குப் போய் நிற்க வேண்டும்போல் இருந்தது. நின்றேன். கொடியில் காய்ந்த அவள் சேலையை மடித்துவைத்தேன்.

மே 9, வெள்ளி

காலையில் எழுப்பினேன், என்னை யார் என்று கேட்டாள். ஈரோட்டில் சேர்த்துவிட்டோம்.

கால்சியம் பதினாலு தாண்டிவிட்டதாம். சிறுநீரகம் ஒரேயடியாக இறங்கியிருக்கிறதாம். டிரிப்ஸ் ஏறுகிறது. டாக்டரம்மா வெளியே வந்து என்னையும் அவரையும் நிற்க வைத்துக் கேட்டார், வேறு ஏதாவது மருந்து, நாட்டு மருந்து, சத்துப் பொடி, வைட்டமின் டி அதிகமாகப் போட்டார்களா என்று. காரணம் தெரிந்தால் அதற்குத் தகுந்த மருந்து கொடுக்கலாம், இல்லாவிட்டால் புற்றுநோய் வரைக்கும் தேட வேண்டியிருக்கும், அதற்குள் நாள் போய்விடும் என்றார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மாத்திரையெல்லாம் அவங்களேதான் பாத்துக்கறாங்க, எனக்குத் தெரியாது என்றேன்.

மே 10, சனி

காலையில் அவர் கடை திறக்கப் போய்விட்டார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். அவள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்து என்னென்னவோ பேசினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னாள். செத்துப்போன புருஷனை வைதாள். அப்புறம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். என்னை அவள் தம்பி என்று நினைத்துக்கொண்டுவிட்டாள்.

"நாச்சிமுத்து, சொன்னாக் கேளுடா. அந்தியூர்லருந்து போனு வந்திருச்சு. அவளக் கூட்டீட்டு இப்பவே கெளம்பு. உப்புச் சக்கர இன்னொரு நாளைக்கு மாத்திக்கலாம். பெத்தவடா. அந்தப் பாவத்த எம் மக தலையில ஏத்தாத."

கொஞ்ச நேரம் கழித்து, யாரோ பதில் சொன்னதைக் கேட்டவள்போலத் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள்.

மே 10, மறுபடியும்

கேண்டீனில் டீ வாங்கினேன், குடிக்கவில்லை. டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். வார்டில் இல்லை, ஸ்கேன் அறையில் இருந்தார். கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். தினமும் ஒன்று போட்டிருக்கிறார்கள், ஒன்றரை மாசத்துக்கு மேல், அந்த அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி மாத்திரை என்றேன். நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். இன்றைக்குத்தான் தெரிந்தது என்றேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார். எத்தனை நாள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை, ஓடினார்.

மே 13, செவ்வாய்

மருந்தை மாற்றினார்கள். கழுத்தில் குழாய் போட்டு இரண்டு தடவை டயாலிசிஸ் ஆயிற்று. கால்சியம் இறங்குகிறது. ஒரு வாய் கஞ்சி குடித்தாள், நான்தான் ஊட்டினேன். உப்பில்லாத கஞ்சியை நல்லாருக்கு கண்ணு என்கிறாள். எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

மே 22, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாமாம், ஆனால் முன்பிருந்த அளவுக்குச் சிறுநீரகம் திரும்பாதாம். வருஷக்கணக்கில் தள்ளியிருக்க வேண்டியது கிட்டத்தில் வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. எழுதிவைக்கிறேன், வேறென்ன செய்வது.

காற்றுக்காக மாடியில் அவளை உட்கார வைத்து, வெயில் படாமல் இந்தத் தடவை குடையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் என்ன பேசினீர்கள் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல்ல ஒளறியிருப்பேன் என்றாள். உங்களுக்குக் காய்ச்சலே இல்லை என்றேன்.

குடைக் காம்பைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். போனை வைத்த கையோடு ஓடிப்போய்ப் பந்தல் காலடியில் தம்பியிடம் சொன்னாளாம். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தாகிவிட்டது, தாய்மாமன் எழுந்து போனால் சகுனத்தடை என்று பெண்ணையே வேண்டாம் என்பார்கள், ஊரில் நான் தலைகாட்ட முடியாது என்றாராம் அவர். சாயங்காலம் சொல்லிக்கலாம், அதுக்குள்ள என்ன ஆயிரப்போகுது என்றாராம்.

"அப்பறம் ஏன் பழிய நீங்க சொமந்தீங்க?" என்றேன்.

"அவஞ் சோத்துல இருக்கறவ நான். வயசுக்கு வந்த மகளையும் வெச்சுக்கிட்டு, அவனக் காட்டிக் குடுத்துட்டு எங்க போவேன்? நீ எம்மேல கோவிச்சா மூஞ்சியத் திருப்பிக்குவ, அவ்வளவுதான். அவன் கோவிச்சா வாசப்படி ஏறமுடியாது."

அவள் சொன்னது புரிந்தது. அதுதான் கொடுமை. பதினெட்டு வருஷம் ஒருத்தியைத் தப்பாக வைதிருக்கிறேன், வைததோடு நிற்கவும் இல்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ டாக்டரம்மாகிட்டச் சொல்லலீன்னா நான் போயிருப்பேன் கண்ணு என்று அவள் வேறு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னவர். அம்மா திதிக்கு வருஷா வருஷம் அந்தியூருக்கு வந்து இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டவர். நான் அழும்போதெல்லாம் உடு புள்ள, அக்கா குணம் அப்படி என்று முதுகைத் தடவியவர். இன்றிலிருந்து இங்கே அவனும் அவன்தான்.

மே 23, வெள்ளி

கேட்கவில்லை. கேட்டால், எல்லாம் நல்லதுக்குத்தான் பண்ணினேன் என்பான். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால் கேட்க நான் தயாராக இல்லை. காலையில் அவனுக்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் வைத்தேன். நாலு தின்றான்.

ஜூன் 6, வெள்ளி

அக்காவுக்கு இருந்தால் தம்பிக்கும் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம், இன்று முடிவு வந்தது. மூன்று மாசச் சர்க்கரை பத்துக்குப் பக்கம். சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது, சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது. கொழுப்பு அதிகம், தொப்பை அதிகம், வைட்டமின் டி பதினொன்று. ஏசி வைத்த கடையில் உட்கார்ந்தே இருப்பவனுக்கு வெயில் எங்கே படும்? டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் வெளியே நின்று சிமெண்ட் லோடு பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரியுங்க, அவகிட்டச் சொல்லுங்க என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்பதையும் அவன் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டதில்லை. வயசாயிருச்சு, மாத்திரைய மாத்திப் போட்டுட்டா என்று பார்க்க வருகிற ஒறம்பரையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். எந்த மாத்திரை என்று தெரியாது.

டாக்டரம்மா என் கையில்தான் சீட்டைக் கொடுத்தார். உங்களுக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

இந்த வாரம் கடையில் சரக்கு இறக்க ஆள் இல்லை என்று மாத்திரை வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, இன்றுதான் வாங்கி வந்தான். மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். நங்கையா கட்டிலில் சாய்ந்து தட்டை மடியில் வைத்திருந்தாள். அவள் தட்டுக்கும் அவன் தட்டுக்கும் இனி வித்தியாசமில்லை, ஊறவைத்து வடித்த பீர்க்கங்காய், பேருக்கு உப்பு. அவன் முகத்தைச் சுளித்தான். டாக்டரம்மா சொன்னதுதாங்க என்றேன்.

பையைக் கவிழ்த்து மாத்திரைகளைக் கொட்டினான். நாலே நாலு இருக்கிற அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணாடி கடையில் கிடக்கிறது. எல்லாம் தெரிந்த பெண்டாட்டி எதிரிலிருக்கிற தைரியத்தில் கேட்டான்.

"ஏம்புள்ள, இது தெனம் ஒண்ணா?"

ரசத்தை அவன் தட்டில் ஊற்றினேன்.

"மொதல்ல சாப்புடுங்க. சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்றேன்.

நங்கையா பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். அந்த மாத்திரை என்ன செய்யும் என்று இந்த வீட்டில் அவளைவிடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவள் வாய் திறக்கட்டும் என்று நானும் காத்திருந்தேன்.

அவள் குனிந்து சாப்பிடத் தொடங்கினாள்.